உப்பில்லாத தளிகை

வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்து முடித்துவிடலாம் என்றுதான் போட்டோகிராபர் ஜெயகிருஷ்ணன் சொல்லியிருந்தான். மாமல்லபுரம் கடற்கரை மணல் சுட ஆரம்பித்த பிறகும் அவன் கேமராவை விட்டு நிமிரவில்லை. பாறை நிழலில் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக உட்கார்ந்திருந்த கோதைக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

இன்றோடு முடிந்தது, இன்றோடு முடிந்தது என்று சொல்லிக்கொண்டுதான் காலையில் பஸ் ஏறியிருந்தாள். செங்கல்பட்டில் ஜிம் நடத்தும் அவள் கணவன் உப்பிலிக்கு, ஒரு புரோட்டீன் பவுடர் கம்பெனியின் காலண்டரில் நிற்க வாய்ப்பு வந்திருந்தது. சதை ஏற வேண்டும், கொழுப்பு இறங்க வேண்டும். முட்டைகூட வராத வீடு. பனீர், சோயா, முளைகட்டிய பயறு என்று வேளைக்கு வேளை அவித்துக் கொட்டினாள். அப்புறம் சோறு போயிற்று. கடைசியில் உப்பும் போயிற்று. உப்புப் போட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டு, வயிற்றில் வரி வரியாகத் தெரிய வேண்டியது தெரியாமல் போகுமாம்.

ஊரிலிருந்து மாமியார் கோமளம் போனில் சிரித்தாள். பெண்ணுக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாது என்று பெண்ணைப் பெற்ற முனிவர் தயங்கியபோது, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று சொல்லித்தானே உப்பிலியப்பன் பெருமாள் தாயாரைக் கைப்பிடித்தார், எல்லாம் பேர் வைத்த பலன் என்றாள். கோதையும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, அவனுக்கு ஒரு தளிகை, தனக்கு ஒரு தளிகை என்று இரண்டு தரம் அடுப்படியில் நிற்க அவளிடம் தெம்பில்லை. அவன் தட்டில் விழுந்ததே அவள் தட்டிலும் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை. கண்ணாடியில் தன் வயிற்றைப் பார்க்கவே அவனுக்குப் பொழுது சரியாக இருந்தது.

உடம்பில் பூச எண்ணெய் கேட்டு, கேமரா முன் நின்ற உப்பிலி கை நீட்டினான். எழுந்தவள் அப்படியே மணலில் சரிந்தாள்.

உப்பிலி ஓடி வந்து தூக்கினான். தோளும் புஜமும் பாறையில் செதுக்கியது மாதிரிதான் இருந்தன. ஆனால் முந்தின நாளிலிருந்து தண்ணீரையும் குறைத்திருந்தவனுக்குக் கால் வெடவெடத்தது. பாதி தூக்கி, அவளோடு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மாங்காய் விற்கும் செங்கம்மாள் கூடையை இறக்கினாள். "இன்னா சார், இம்மாம் பெரிய உடம்ப வெச்சிகினு பொஞ்சாதிய தூக்க முடியல?" என்றபடி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய பத்தை ஒன்றைக் கோதையின் வாயில் வைத்தாள். "கடிம்மா. நாக்குல உப்பு பட்டா கண்ணு தன்னால தொறக்கும்."

கோதை கடித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான் உப்பிலி.

"நீ எதுக்குடி உப்பில்லாம சாப்ட்டே?"

"ரெண்டு தரம் தளிகை பண்ண முடியலை." வாயைத் துடைத்துக்கொண்டு, "தனியா சாப்பிடவும் பிடிக்கலை" என்றாள்.

ஜெயகிருஷ்ணன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான். நல்லவன்தான். படம் பிரமாதமாக வந்திருக்கிறது, மீதி மாதங்களுக்கும் உப்பிலியையே போடச் சொல்கிறேன், தீபாவளி வரை உடம்பை இப்படியே வைத்துக்கொண்டால் போதும் என்றான்.

கோதை மணலைப் பார்த்தபடி உப்பிலியின் பதிலுக்குக் காத்திருந்தாள்.

உப்பிலி கூடைப் பக்கம் கை நீட்டினான். "எனக்கும் ஒரு பத்தை குடுங்கம்மா. உப்பு தூக்கலா."

இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று ஜெயகிருஷ்ணன் பதறினான். எடுத்த வரைக்கும் போதும், மீதிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றான் உப்பிலி, வாய் நிறைய மாங்காயோடு. பிறகு கோதையின் பக்கம் திரும்பினான்.

"ஆத்துக்குப் போய் நான் புளி கரைச்சு சாத்தமுது வெக்கறேன். உப்பு மட்டும் நீ போடு."

கோதை அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். எண்ணெய் பிசுபிசுத்தது.