மாடி ஏறி வந்த கற்றாழை

"ஏட்டி, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டட்டுமா?" என்று ஃபெலிக்ஸ் கேட்கும்போதெல்லாம் ரோகிணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொக்கி மாட்டினால் நம்பிவிட்டதாக ஆகிவிடும். அதற்குத்தான் அவளுக்குப் பயம்.

குகட்பள்ளி வீட்டின் முதல் மாடி ஜன்னல்தான் இப்போது அவளுக்கு உலகம். அதன் கீழே, போர்வெல் வற்றிய வருஷம் புல்லை எடுத்துவிட்டு, மணலும் சரளையும் கொட்டி அவள் போட்ட தோட்டம். நடுவில், கல்யாணமான புதிதில் நட்ட ஆனைக்கற்றாழை. அது இதுவரை பூத்ததில்லை.

மார்ச்சில் ஒரு காலை, ஜன்னல் விளிம்பில் பச்சையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது.

"ஏங்க, அது என்ன?"

"உன் கற்றாழைதாம்ட்டி. நீ எறங்கி வரலன்னு அது ஏறி வருது."

மறுநாள் பார்த்தால் அந்தப் பூந்தண்டு ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வெளியே வெயில் தகித்தது. யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. இத்தனை வருஷமும் அந்த மடல்களுக்குள் இதற்கான தண்ணீரையா சேர்த்து வைத்திருந்தது? அதன் முன்னால் ரோகிணிக்குச் சத்தமாகப் பேசவே கூச்சமாக இருந்தது.

எதிர்வீட்டு லலிதா ஃபெலிக்ஸைப் படியிலேயே மறித்தார். "நக்கோ பாபு, அது வேணாம், வெட்டிடு. பூத்தா தாய்ச்செடி செத்துப்போகும். புள்ளத்தாச்சி கண்ணு முன்னாடியா?"

அவன் ரம்பத்தோடு அறைக்குள் வந்து நின்றான். "கரண்டு வயருல இடிக்கும்போல. வெட்டிருவமா?"

"வயர் அந்தப் பக்கம்லா இருக்கு? லலிதாக்கா சொன்னாங்களாக்கும்."

அவன் ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"நட்டவ நான். எனக்குத் தெரியாதா? பூத்தா போயிரும்னு பயந்து அது பூக்காம நின்னுச்சா? கீழ போயி அதோட அடியப் பாத்துட்டு வாங்க."

போனவன் மூச்சிரைக்கத் திரும்பினான். "கல்லத் தள்ளிட்டுக் குட்டி குட்டியா முளைச்சிருக்குட்டி!"

மே கடைசியில் தண்டு கைகளை விரித்தது. ஒவ்வொரு கையிலும் தட்டு நிறைய மஞ்சள் பூ. தேன்சிட்டுகள் தலைகீழாகத் தொங்கின. தெருவில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்; லலிதாவும்தான். காற்று அடித்ததும் ரோகிணியின் தலையணையில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. அதை விரலால் தொட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கொக்கி எங்க?"

அவன் அதை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான்.

"ஜன்னலுக்கு நேரா மாட்டுங்க" என்றாள் ரோகிணி. "கெட்டியா இருக்கணும். எம்புள்ள தூங்கப்போற எடம்."