பீரோ மேல் இருந்த பெட்டி

ஓஸ்வால்ட் கெட்டவன் என்று சொன்னால் நீலசந்திரா வட்டாரத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். குடிக்கமாட்டான், ஞாயிறு பூசைக்குத் தவறமாட்டான், கேட்காமலே உதவி செய்வான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனைவி நோரா, டீச்சர் வேலையை விட்டதுகூட அவளாக விட்டது என்றுதான் அவளுடைய அம்மாவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, அதில் லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றி, பீரோ மேல் வைத்தான் அந்த உத்தமன். வெளியிலிருந்து வரும் நெட் ஒயர் பெட்டியின் முதுகில் ஒரு துளையில் நுழைந்தது. வீட்டு வைஃபைக்கான ஒயர் பக்கத்துத் துளையிலிருந்து புறப்பட்டது.

"இனிமே யாரு எந்த சைட்டைத் தொறந்தாலும் இதைத் தாண்டித்தான் போகணும். எதை விடறது, எதை நிறுத்தறதுன்னு வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல உக்காந்தே நான் பாத்துக்குவேன்."

"வீட்ல இருக்கறது நாம ரெண்டு பேருதானே," என்றாள் நோரா.

"அதுக்குத்தான்," என்று சிரித்தான்.

அந்த மாதமே அவளுடைய போனுக்கு ரீசார்ஜ் நின்றது. வீட்டில் நெட் இருக்கும்போது அது தண்டச் செலவாம். யாரிடம் போய் முறையிடுவது? கேட்டவர்கள், சிக்கனமான பிள்ளை என்று மெச்சியிருப்பார்கள்.

ஆனால் பெட்டி வருவதற்கு முன்பே நோரா ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். வேலையோடு தங்க ஓர் அறையும் தருகிற பள்ளிக்கூடம். அந்த அறைக்காகத்தான் விண்ணப்பித்தாள். இன்று காலை பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ.

அவன் ஆபீசுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்தாள். சமையல் வீடியோ ஓடியது. ஜெபப் பாட்டு ஓடியது. பள்ளிக்கூடம் அனுப்பிய இணைப்பு மட்டும் திறக்கவில்லை. பீரோ மேல் பெட்டியின் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தெரிந்துவிட்டது அவனுக்கு, என்று நினைத்தாள்.

லேப்டாப்பைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு கீழ்வீட்டு டோரீன் ஆன்ட்டியிடம் ஓடினாள். ஆன்ட்டியிடம் இருந்தது பட்டன் போன்தான். ஆனால் துபாயிலிருக்கும் மகனின் முகத்தை டிவியில் பார்ப்பதற்காகத் தனியாக நெட் வாங்கியிருந்தாள்.

அங்கே இணைப்பு உடனே திறந்தது. 'காத்திருக்கவும், இப்போது அழைக்கிறோம்' என்று வந்தது. நோராவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

ஆன்ட்டி டீ கொண்டுவந்து வைத்தாள். "இப்பல்லாம் நெட்டு நல்லா ஸ்பீடா வருது இல்ல? எல்லாம் உன் புருஷன் புண்ணியம். தங்கமான பையன். ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஆன்ட்டி தனி கனெக்சன்னு சொல்லி, போன வாரம் உங்க வீட்லேருந்தே ஒயர் இழுத்துக் குடுத்துட்டான். ஒத்தப் பைசா வாங்கல."

நோரா திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு நீல ஒயர் மேல்மாடிக்கு ஏறிப் போயிற்று. பள்ளிக்கூடத்தை அவன் நிறுத்தியிருந்தது வீட்டு வைஃபைக்கு மட்டும்தான்; ஆனால் இந்த ஒயரும் அதே பெட்டியிலிருந்துதான் வருகிறது.

திரையில் இருந்த பள்ளிக்கூடத்தின் பெயர் மறைந்தது. வெள்ளையாக ஒன்றுமில்லாமல் நின்றது. அலமாரியில் ஆன்ட்டியின் பட்டன் போன் அடித்தது.

"சொல்லுப்பா ஓஸ்வால்ட்... ஆமாப்பா, இங்கதான் இருக்கா."

கேட்டு முடித்து, போனை வைத்துவிட்டு ஆன்ட்டி சிரித்தாள்.

"நீ சாப்ட்டியான்னு கேக்கறான். எவ்ளோ அக்கறை பாரு. இப்பவே ஆபீஸ்லேருந்து கிளம்பிட்டானாம். உன்னை மேல போயி இருக்கச் சொன்னான்."