ஒட்டுபால் பந்து

"ஒரு பிள்ளை போதும் பிரசீதே, ஒரே ஒரு பிள்ளை" என்றார் சோமன். "அஞ்சு நிமிஷம். அது கழிஞ்சு மாலை."

வெள்ளறடைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன நூலகத்துக்கு அவர்தான் செயலாளர். கோடை முகாமின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, வருகிற விருந்தாளிக்குப் பிள்ளைகள் சேர்ந்து காகிதப் பூமாலை போட வேண்டும் என்பது அவர் திட்டம். பிள்ளைகள் எழுதிய கதைகளைப் பிள்ளைகளே வாசிக்க வேண்டும் என்று பிரசீதா ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"பதினெட்டுப் பிள்ளைங்க எழுதியிருக்கு சோமண்ணா. மாலையை அவரு கார்ல ஏறின உடனே கழற்றிப் போட்டிருவாரு."

"டிகிரி படிச்சதிலேருந்து ஒனக்க வாய்க்கு ஒரு பூட்டு இல்ல, கேட்டோ."

"படிக்கதுக்கு முன்னேயும் இல்ல."

சோமன் சிரித்துவிட்டுப் போனார். சிரித்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிற ஆள். முடிந்துதான் போனது. ஒரு பிள்ளை, அஞ்சு நிமிஷம்.

பிரசீதா வீட்டில் காலேஜ் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். மூன்று வாரமாக முகாமை அவள்தான் நடத்துகிறாள். காலையில் ஆளுக்கொரு புத்தகம். வாசித்து முடித்தவர் பக்கத்துப் பிள்ளைக்குக் கதையைச் சொல்லலாம், முடிவை மட்டும் சொல்லக் கூடாது. முடிவு வேண்டுமா, வாசித்துக்கொள். மத்தியானம் கத்தரிக்கோலும் காகிதமும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற பழைய உற்சவ நோட்டீஸை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டி, இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கப் புத்தகம். பின் வேண்டாம், பசை வேண்டாம். அந்த எட்டுப் பக்கத்துக்குள் சொந்தமாக ஒரு கதை.

வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள், தமிழோ மலையாளமோ, எந்த எழுத்து வருகிறதோ அந்த எழுத்தில் எழுதுங்கள் என்று அவள் சொன்னபோது கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஜெயிப்பில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஒரு பிள்ளை யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அம்பிளி. ரப்பர் வெட்டுக்காரர் ஞானையனின் மகள், பத்து வயசு. முகாமுக்கு வந்த முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்த ஜிஷா மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்கு மாறினாள். அன்றைக்கு மூடின வாயை அம்பிளி மற்றப் பிள்ளைகள் முன்னால் திறக்கவில்லை. ஆனால் கதையை எழுதிவிட்டாள்.

பால் பிடிக்கிற சிரட்டையிலும் மரத்தின் வெட்டுத் தழும்பிலும் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற ரப்பர் பால்தான் ஒட்டுபால். அதை உரித்துச் சுற்றிச் சுற்றிச் செய்கிற பந்து ஒன்று, வீட்டிலிருந்து உருண்டு வெளியே போகிறது. பனச்சமூட்டில் பஸ் ஏறுகிறது. நாற்றம் தாங்காமல் கண்டக்டர் அதைத் தூக்கி வெளியே எறிகிறான். ரோட்டோரம் கிடந்து பந்து அழுகிறது. அப்போது, திரும்பி வந்த அந்த பஸ்ஸின் டயர் மூக்கை உறிஞ்சி, "எலே, இது நம்ம வீட்டு மணமில்லியா? நீ நமக்க பிள்ளையாக்கும்" என்கிறது. பந்து டயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறது.

பிரசீதா அதை மூன்று தடவை வாசித்தாள். மூன்றாம் தடவையில் தன் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது.

எட்டாம் வகுப்பில் ஒரு டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யார் பைக்குள் ஒட்டுபால் இருக்கிறது என்று கேட்டார். நாற்பது தலைகள் பிரசீதாவின் பக்கம் திரும்பின. பையில் ஒன்றும் இல்லை. மணம் சட்டையில் இருந்தது. அவள் அம்மா அம்மிணி ஒட்டுபால் உரிக்கப் போகிறவள், உரித்த சாக்கு கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். அதற்குப் பிறகு பிரசீதா இரண்டு வேளை குளித்தாள். அம்மாவுக்கு என்ன வேலை என்று யார் கேட்டாலும் "கம்பெனியில" என்றாள். காலேஜ் முடிகிறவரை அதையேதான் சொன்னாள்.

நாளைக்கு இந்தக் குழந்தை மேடையில் நின்று, தானே தன் வாயால் ஒட்டுபால் என்று சொல்லப்போகிறாள். சிரிப்பார்கள். கொன்றுவிடுவார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் மாலைக்குப் பூ வெட்டிக்கொண்டிருந்தபோது, பிரசீதா ஒரு புதுத் தாளை எட்டாக மடித்தாள். அழகான கையெழுத்தில் கதையை எடுத்து எழுதினாள். ஒட்டுபால் பந்து சிவப்புப் பந்து ஆனது. நாற்றம் இருந்த இடமெல்லாம் போனது. மற்றபடி ஒரு வரியையும் தொடவில்லை. பிறகு அம்பிளியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு இதை வாசி மக்கா. கொஞ்சம் நேராக்கியிருக்கேன், அவ்வளவுதான்."

அம்பிளி நின்றபடியே எட்டுப் பக்கத்தையும் வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"அக்கா, நாறல்லேன்னா கண்டக்டர் என்னத்துக்குப் பந்தைத் தூக்கி எறிஞ்சான்?"

"அவனுக்கு... பந்து பிடிக்காது."

"பின்ன டயருக்கு எப்பிடித் தெரிஞ்சுது, நம்ம வீட்டுப் பிள்ளைன்னு?"

கல்லூரியில் மூன்று வருஷம் வாதாடியே பேர் வாங்கியவள் பூ வெட்டுகிற பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்பிளி புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இது வேற ஆரோ எழுதினது. நான் நாளைக்கு வரல்ல" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலைவரை பிரசீதா யார் மேலெல்லாமோ கோபப்பட்டுப் பார்த்தாள். சோமன் மேல், ஜிஷா மேல், அந்தப் பழைய டீச்சர் மேல். ஒன்றும் ஒட்டவில்லை. டீச்சர் கைக்குட்டையை வைத்து மூக்கைத்தான் பொத்தினார். அவளோ பேனாவை வைத்துப் பிள்ளையின் வாயையே பொத்தியிருந்தாள். அதுவும் அன்பு என்ற பேரில்.

வெயில் தாழ்ந்ததும், அம்பிளியின் கையெழுத்தில் இருந்த பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தாள். கோடையில் வெட்டு இல்லை. சிரட்டைகள் மரங்களில் கவிழ்ந்து கிடந்தன. வாசலில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த ஞானையன் எழுந்துவிட்டார்.

"வாங்க டீச்சரே. இரிங்க, இந்தச் சாக்கை அங்ஙோட்டு மாத்துதேன். சீசன் கழிஞ்ச மிச்சம் ஒட்டுபாலாக்கும், நாறும்."

"கிடக்கட்டும் மாமா. எனக்கு அது புதுசு இல்ல."

அவள் சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அம்பிளி கதவு மறைவில் நின்று பார்த்தாள்.

"எனக்க அம்மையும் ஒட்டுபால் உரிச்சவதான், அம்பிளி."

"அறியும்."

"எப்பிடி?"

"எல்லாவருக்கும் அறியும் அக்கா."

ஞானையன் மரச்சீனியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாகத் தான் கட்டிக் காத்த ரகசியம் ஊருக்கே தெரிந்த சங்கதி என்பது விளங்க பிரசீதாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"நான் செய்தது தப்பு மக்கா. ஒன்னைப் பாத்துச் சிரிப்பாவன்னு பயந்துபோனேன். இந்தா, ஒனக்க புத்தகம். வாறதும் வராததும் ஒனக்க இஷ்டம்."

அம்பிளி வாங்கி, ஒவ்வொரு பக்கமாகச் சோதித்தாள். "நாலாம் பக்கத்துல ஒண்ணும் வெட்டல்லியே?"

"தொடவே இல்ல."

அம்பிளி தலையை மட்டும் ஆட்டினாள். அது வருவேன் என்பதா, சரி என்பதா என்று பிரசீதாவுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்தார், மாலை விழுந்தது, சோமன் வாட்சைப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து அம்பிளி எழுந்து வந்தாள். பின்னிய தலை, கையில் நோட்டீஸ் தாள் புத்தகம். பிரசீதா இரண்டு கையையும் இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

முதல் மூன்று பக்கம் குரல் உள்ளேயே கிடந்தது. நாலாம் பக்கத்தில் கண்டக்டர் பஸ்ஸுக்குள் வந்தான். அம்பிளி சட்டென்று தடித்த குரலில், "எலே, ஆருடே பஸ்ஸுக்குள்ள ஒட்டுபாலைக் கொண்டு வந்தது? எறங்குடே சவமே!" என்றாள்.

கூட்டம் மொத்தமும் சிரித்தது. ஜிஷா மூக்கைப் பொத்திக் காட்டினாள். பக்கத்துப் பிள்ளைகளும் பொத்தின. பிரசீதா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

அம்பிளி அவளைப் பார்த்தாள். கையை விரித்து, உட்காரச் சொல்லி அடக்கிக் காட்டினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அடுப்பில் பால் பொங்கி அடங்கக் காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். அந்தச் சிரிப்பு அங்கே வரும் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்பது பிரசீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உட்கார்ந்தாள்.

சிரிப்பு ஓய்ந்தது. அம்பிளி ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினாள். பந்து ரோட்டோரம் கிடந்தது. எல்லா பஸ்ஸும் அதைத் தாண்டிப் போயின, மழை வந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஜிஷாவின் கை எப்போதோ மூக்கை விட்டு இறங்கியிருந்தது.

"பின்ன?" என்றாள் அவள்.

சோமன் வாட்சைத் தட்டிக் காட்டினார். பிரசீதா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பொறு பிள்ளே" என்றாள் அம்பிளி. "அதுக்குத்தான் டயர் வருது."