சுகுமாரவேலின் முதுகு

நடிகர் சுகுமாரவேலுக்கு இங்கே லண்டன் மோர்டனில் பாராட்டு விழா என்று கேள்விப்பட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடங்களுக்கு முன் ஒரு படத்துக்காக டெல்லியில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். அதற்குப் பிறகு அவர் நடித்ததில் உருப்படியாக ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். அந்த ஒற்றை விருதைத்தான் மனுஷன் இன்றுவரை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு திரிகிறார்.

அந்த விருதை வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு காட்சி. காணாமற்போன மகனைத் தேடிப் புறப்படும் மீனவன், புயலுக்குள் தனியாளாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போவான். வசனம் கிடையாது. முகமும் தெரியாது. நாலு நிமிடமும் முதுகுதான். வள்ளம் பாறையில் மோதித் திரும்பி அடிக்க, இடது தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து ரத்தம் வழியும். முதுகாலேயே நடித்த மகா கலைஞன் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

அந்த முதுகு என் அண்ணை செபஸ்தியாம்பிள்ளையுடையது.

நாங்கள் மன்னாரிலிருந்து தப்பி, ராமேஸ்வரம் பக்கம் அகதி முகாமில் கிடந்த காலம் அது. படக்காரருக்குக் கடல் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்பட்டான். சுகுமாரவேலுக்குக் கணுக்கால் நனைந்தாலே வயிறு கலங்கும். அண்ணையைக் கூட்டிப் போனார்கள். அந்த ரத்தம் மேக்கப் இல்லை. பதினேழு தையல். ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். கம்பெனியிலிருந்து ஒருத்தன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். குப்புறக் கிடக்கிறவனுக்குப் பிரியாணி! படத்தில் சமையற்காரர் பெயர்கூட வந்தது, அண்ணையின் பெயர் வரவில்லை.

இவ்வளவுக்கும் அண்ணைக்கு அந்த ஆள்மேல் ஒரு சொட்டுக் கோபம் கிடையாது. என் வயிற்றெரிச்சலே அதுதான். விழா நோட்டீசைப் பார்த்ததும் எங்கேயோ நம்பர் தேடிப் பிடித்து, தான் யாரென்று வாட்ஸப்பில் எழுதியிருக்கிறார். பதில் குரலாகவே வந்தது: "அடடே, உங்களை மறப்பேனா! மேடையில உங்க பேரைச் சொல்லாம இறங்கமாட்டேன்." அதை அண்ணை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார். எழுபத்துமூன்று வயதில் கடைக்குப் போய்ப் புதுக் கோட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வால்தம்ஸ்டோவிலிருந்து ரயில் மாறி வந்து என் வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

"உந்தாள் சொல்லாது அண்ணை. மேடை ஏறினா அந்தாளுக்கு உங்களை ஆரெண்டும் தெரியாது" என்றேன்.

"ஒருக்காப் பேரைச் சொன்னாக் காணும், கத்தரின். பேரப்பிள்ளையள் நான் சும்மா அளக்கிறன் எண்டு சிரிக்குதுகள். இண்டைக்கு வீட்டில இருந்து லைவில பாக்குதுகள்."

கதவைப் பூட்டிக்கொண்டு கூடப் போனேன்.

மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில் இடம் கிடைத்தது. விழா நடத்திய சங்கத்தின் தலைவர் கனகலிங்கம் முக்கால் மணிநேரம் தன்னைப் பற்றிப் பேசினார். பிறகு பொன்னாடை. விழாவுக்குக் கைகொடுத்த ஒவ்வொருவரும் மேடையேறிப் போர்த்தியே ஆகவேண்டுமாம். நகைக்கடைக்காரர், வீட்டுக்கடன் மோட்கேஜ்காரர், டிரைவிங் ஸ்கூல்காரர், அவரவர் மனைவி, மனைவியின் தங்கை. பலகாரம் சுட்டுக் கொடுத்த எங்கள் அன்னையர் சங்கத்தை மட்டும் கூப்பிடவில்லை. போர்த்துகிற ஒருவராவது நடிகரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லாரும் கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். சால்வைகள் காதுவரை ஏறியதும், பின்னால் நின்ற ஒருவர் நாலைந்தை உருவி, வரிசையில் நிற்கிறவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். தேத்தண்ணீர்க் கறை பட்ட பச்சைப் பொன்னாடை ஒன்று மூன்று தரம் மேடையேறியது.

அடுத்து அந்தக் காட்சியைத் திரையில் போட்டார்கள். முதுகு கிழிந்த இடத்தில் சனம் எழுந்து நின்று கைதட்டியது. சுகுமாரவேல் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். பக்கத்தில் பார்த்தால், வெட்கக்கேடு, அண்ணையும் கைதட்டுகிறார்.

கடைசியில் ஏற்புரைக்கு ஐந்து நிமிடம் மிஞ்சியது. நடிகர் மைக்கைப் பிடித்தார்.

"டூப் போடலாம்னு டைரக்டர் கெஞ்சினார். கலைக்கு ஏதுங்க டூப்? நானே கடல்ல இறங்கினேன். அந்தத் தழும்பு இன்னிக்கும் என் முதுகுல இருக்கு. டெல்லியில குடுத்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய விருது!"

விசில் பறந்தது. அண்ணை முன்னால் சாய்ந்து, "இனித்தான் சொல்லப்போறார்" என்றார். "நன்றி, வணக்கம்" என்று சுகுமாரவேல் உட்கார்ந்துவிட்டார்.

"பேர் சொல்ல நேரம் காணாமப் போட்டுதாக்கும்" என்றார் அண்ணை.

சுகுமாரவேல் சொன்ன பொய்கூட என்னை அவ்வளவு சுடவில்லை. அண்ணையின் இந்தச் சொல்தான் சுட்டது.

அப்போது பார்த்துக் கனகலிங்கம் மைக்கில் வந்தார். "மன்னிக்கோணும், ஒரு பேர் விடுபட்டுப் போச்சு. மாதா கோயில் அன்னையர் சங்கம் சார்பில பொன்னாடை போர்த்த, திருமதி கத்தரின்!"

போனேன். என் கையில் தந்தது அதே பச்சைப் பொன்னாடை. நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"ஐயா, இதைப் பிறகு போடுறன். முதுகில தழும்பு இருக்கெண்டு சொன்னீங்கள். எங்களுக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

சனம் சிரித்தது. கிழவிக்கு ரசிகை மோகம் என்று நினைத்தார்கள் போலும். "காட்டுங்கோ! காட்டுங்கோ!" என்று கத்தினார்கள். போன்கள் உயர்ந்தன.

சுகுமாரவேல் கைகூப்பினார். "விடுங்கம்மா, இந்த வயசுல..."

"அதைப் பாக்கத்தானே இவ்வளவு சனமும் வந்தது. சேட்டைக் கழட்டுங்கோ."

சூடாக இருக்கிறது என்று அதுவரை விசிறிக்கொண்டிருந்தவர், கழுத்திலிருந்த சால்வைகளை இரண்டு கையாலும் இழுத்து இறுக்கிப் பிடித்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அக்கா, என்ன விசர்க்கதை இது? மைக்கைத் தாங்கோ!" கனகலிங்கம் பாய்ந்து வந்தார்.

நான் கொடுக்கவில்லை. ஐந்தாவது வரிசையைப் பார்த்தேன். அண்ணை எழுந்து நின்றார். என்னை ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் புதுக் கோட்டைக் கழற்றி, ஒழுங்காக மடித்துக் கதிரையில் வைத்தார். டையைக் கழற்றினார். சேட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மேலுடம்பில் ஒன்றுமில்லாமல் நடுவழியில் வந்து நின்று, மேடைக்கு முதுகைத் திருப்பினார்.

கூன் விழுந்து, சதை தொங்கிப்போன முதுகு. இடது தோளிலிருந்து இடுப்புவரை கோடு அப்படியே கிடந்தது. இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள்.

சுகுமாரவேல் தரையைப் பார்த்தார். "கமராவை நிப்பாட்டு!" என்று கனகலிங்கம் கத்தினார். மேடைக்கு முன்னால் லைவ் பிடித்துக்கொண்டிருந்த வீடியோக்காரன் நிறுத்தவில்லை. கமராவை அண்ணையின் பக்கம் திருப்பியிருந்தான்.

அண்ணை திரும்பாமலே கேட்டார்:

"கத்தரின், பிள்ளையளுக்குத் தெரியுதோ?"

"ஓம் அண்ணை, தெரியுது" என்று மைக்கில் சொன்னேன்.