சுக்கான் கயிறு

எங்கள் பஸ்ஸை ஊரில் யாரும் பஸ் என்று சொன்னதில்லை. தோணி என்றுதான் சொல்வார்கள். "தோணி வந்துருச்சா? தோணி போயிருச்சா?" என்று கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும் ரோட்டோரம் நிற்கிற சனம் கேட்கும். கேலிதான், ஆனால் பொய்யில்லை. அடியில் இருந்தது சண்டைக்குப் போய்வந்த பழைய மிலிட்டரி லாரி. மேலே இருந்தது எங்கள் முதலாளி சதக்கின் வாப்பா கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தோணி. கொழும்பு வியாபாரம் படுத்துப்போய், தோணி கரையில் கிடந்து காய்ந்தபோது, சதக் அதைப் பிரித்து, தோணி கட்டுகிற ஓடாவிகளையே கூப்பிட்டு லாரிக்கு உடம்பு கட்டச் சொல்லிவிட்டான். அந்த மனிதர்கள் பிறந்ததிலிருந்து ஒரு பலகையை நேராக வைத்தவர்கள் இல்லை. பஸ் இரண்டு பக்கமும் வயிறு தள்ளி நின்றது. என்ன மழை பெய்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. கதவு மட்டும் ஒரு நாளும் ஒழுங்காக மூடியதில்லை.

நான்தான் அதன் டிரைவர். பெயர் மூக்கையா, சொந்த ஊர் அபிராமம் பக்கம். மழையை நம்பிப் பிழைக்க முடியாமல் பட்டாளத்தில் சேர்ந்து, அசாம் மலையில் லாரி ஓட்டியவன். சண்டை முடிந்து திரும்பி வந்தால் எனக்கு யாரும் வேலை தரவில்லை. பட்டாளத்துக்காரன் குடிப்பான், அடிப்பான் என்று ஒதுக்கினார்கள். சதக்தான் கீழக்கரைக்குக் கூட்டிவந்து, தன் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பார்த்துக் கொடுத்து, வண்டிச் சாவியைக் கையில் வைத்தான். அதை நான் இன்றைக்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவன் என்னை மாப்பிளை என்பான், நான் அவனை மச்சான் என்பேன். எங்கள் பக்கம் முஸ்லிம்களும் நாங்களும் அப்படி முறை வைத்துக் கூப்பிடுவது வழக்கம். பலருக்கு அது வாய்ப்பேச்சோடு சரி. சதக் அப்படி விடவில்லை. என் மனைவி உமையாளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. இரண்டு தரம் உண்டாகி, இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது பிள்ளை தங்கி ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது, அண்ணன் முறைக்குத் தட்டு நிறைய வளையலோடு வந்து நின்றவன் சதக். மரைக்காயர் வீட்டுச் சீர் வருகிறது என்று தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. உமையாள் அழுதுவிட்டாள்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவர்கள் குடும்பத்துத் தோணிகளில் அது சட்டம் மாதிரி. பாய்மரமோ சுக்கானோ எது பழுதுபட்டாலும், அதைச் சரிபண்ணியவன் முதல் ஓட்டத்தில் தோணியில் ஏறியாக வேண்டும். தன் உயிரும் உள்ளே இருந்தால்தான் வேலையில் கள்ளம் இருக்காது என்பது கணக்கு. சதக் இதைப் பஸ்ஸுக்கும் கொண்டுவந்தான். ராத்திரி ஷெட்டில் எதைக் கழற்றி எதை மாட்டினாலும், காலையில் எனக்குப் பக்கத்து முன்சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவான். பிஸ்மி சொல்லிக்கொண்டே வருவான். "என்ன மச்சான், இன்னைக்கு எந்த ஆணி?" என்று நான் சீண்டுவேன். முன்சீட்டு காலியாக இருந்தால் வண்டியில் எவனும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். அதனால் நான் குனிந்து அடியில் பார்க்கிற வேலையையே விட்டுவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது, அவன்தான் இருக்கிறானே.

இதில் ஒரு வம்பு வந்தது. இந்தச் சங்கதி சனத்துக்கும் தெரிந்துபோனது. முன்சீட்டில் சதக்கைக் கண்டால் பாதிப் பேர் ஏற மாட்டார்கள். "மொதலாளி முன்னாடி உக்காந்திருக்காரு, நாங்க நாளைக்கு வாரோம்" என்று சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுவார்கள். சதக் வெளியே சிரிப்பான், உள்ளுக்குள் புகைவான்.

வளைகாப்பு முடிந்த வாரம் உமையாளைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அம்மா வீடு சாயல்குடி. வேறு வண்டியில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. என் கையால் மெதுவாக ஓட்டிக் கொண்டுபோய் விடுவதுதான் நல்லது என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயல்குடிச் சந்தை. கீழக்கரையிலேயே வண்டி நிறைந்துகொண்டிருந்தது. முன்சீட்டு காலி.

எனக்குப் பின்னால் பெண்கள் வரிசையில், இடது சன்னலோரமாகச் சதக்கின் தங்கச்சி உம்மு ஹபீபா உட்கார்ந்திருந்தாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாயல்குடியில் அவள் மாமி வீட்டில் ஏதோ விசேஷம். சதக் வந்து அவளிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எதையோ மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் உமையாள் மூட்டையோடு வந்து சேர்ந்தாள். சதக்தான் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தான்.

"பாத்து ஏறு தாயி. அங்கன சன்னலோரம் எடம் இருக்கு பாரு, காத்து வரும்."

"நீங்க வரலையாண்ணே?" என்றாள் உமையாள்.

"எனக்கு இங்கன சோலி கெடக்கும்மா. போயிட்டு வா."

நான் ஹாரனை அமுக்கிக் கிளம்பினேன்.

ஏர்வாடி தாண்டி, உப்பளத்துக்கு நடுவில் ரோடு மேடாக ஏறி வலது பக்கம் வளையும். அந்த வளைவில் ஆயிரம் தரம் திரும்பியிருப்பேன். அன்றைக்கும் திருப்பினேன். ஸ்டீரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். கையில் கனமே இல்லாமல், தானியம் போடாத திருகை மாதிரி சும்மா சுற்றியது. பிரேக்கை மிதித்தேன், கியரை இறக்கினேன், கை பிரேக்கை இழுத்தேன். ஏற்றிய பாரத்துக்கு வண்டி எங்கே நிற்கப்போகிறது? "புடிச்சுக்கங்க!" என்று கத்தினேன். அசாம் மலையில் பள்ளத்தைப் பார்த்து ஓட்டியபோதுகூட எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை. அங்கே பின்னால் இருந்தது அரிசி மூட்டை. இங்கே உமையாள்.

வண்டி சரிவில் இறங்கி, வரப்பில் மோதி, இடது பக்கமாகச் சாய்ந்து உப்புச் சேற்றில் படுத்தது. ஓடாவிகள் கட்டிய உடம்பு முறியவில்லை. வேறு பஸ்ஸாக இருந்தால் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்களோ தெரியாது. கை ஒடிந்தவர்கள், மண்டை உடைந்தவர்கள் உண்டு. சாவு இல்லை. உமையாள் சன்னலோரம் நசுங்கிப்போய், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சதக் கொடுத்த வளையல்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணாடி கீறி மணிக்கட்டெல்லாம் ரத்தம். அதைவிடச் சேலையில் பட்டிருந்த ரத்தம்தான் என்னைக் கொன்றது.

உப்பு ஏற்றிப் போன லாரி ஒன்றில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாயங்காலமே சதக் ஓடிவந்தான். என்னைக் கட்டிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான்தான் அவனைத் தேற்றினேன். மறுநாள் காலையில் டாக்டரம்மா வெளியே வந்து, பிள்ளையின் துடிப்பு நன்றாகக் கேட்கிறது, ரத்தமும் நின்றுவிட்டது, அசையாமல் படுத்திருந்தால் போதும் என்றார். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். சதக் அங்கேயே கையேந்தி துவாச் செய்தான். அந்த நிமிஷம் அவனைவிட எனக்கு நெருங்கியவன் உலகத்தில் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு முன்னாலேயே நானும் சதக்கும் போய்விட்டோம். எனக்கு ஆறவில்லை. வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தேன்.

ஸ்டீரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகிற இரும்புக் கம்பி நுனி கழன்று தொங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்கிற கிண்ணம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. தேய்ந்த இடத்தைத் தென்னங்கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்கி, மேலே தோணிக்குப் பூசுகிற கீல் பூசியிருந்தது. உராய்ந்து உராய்ந்து கயிறு நைந்து அறுந்திருக்கிறது. முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தோணியில் சுக்கானைக் கட்டுகிற முடிச்சு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே சதக்தான். கடலில் எந்தப் புயலுக்கும் அந்தக் கட்டு அசையாது என்று பெருமை பேசியவன் அவன்.

வெளியே வந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மதுரையில இருந்து சாமான் வரணும் மாப்பிள. அது வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல? ஏன் முன்னாடி வந்து உக்காரல?"

"மறந்துட்டேன்டா. சந்தை அவசரத்துல அயத்தே போயிட்டேன். அல்லா மேல ஆணை."

என் கோபம் ஊர் அறிந்தது. அந்தக் கயிற்றாலேயே அவன் கழுத்தை நெரித்திருப்பேன். ஆனால் காலையில் கேட்ட வார்த்தை எனக்குள் இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. பிள்ளை பிழைத்துவிட்டது. மனிதன் மறப்பதில்லையா? வீடு கொடுத்தவன், வளையல் கொண்டுவந்தவன், இந்தக் கயிற்றை இன்ஸ்பெக்டர் பார்த்தால் ஜெயிலுக்குப் போவான். மறதிக்கு ஜெயிலா என்று நினைத்தேன். அவனிடம் இருந்த கத்தியை வாங்கி நானே அந்தக் கட்டை அறுத்தேன். நானே அதை உப்பளத்துச் சேற்றில் மிதித்து அமுக்கினேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கேட்க வேண்டியதை எல்லாம் நிதானமாகக் கேட்டார். ஆடு குறுக்கே வந்தது, வேகத்தில் வந்து ஒடித்துவிட்டேன், வரப்பில் மோதியதில் ராடு கழன்றிருக்கும் என்றேன். "பட்டாளத்துல ஓட்டுன ஆளு, இப்படிப் பண்ணலாமாய்யா?" என்று சொல்லி லைசென்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடிபட்டவர்களின் சனம் ரோட்டில் நின்று என்னை ஏசியது. தலையைக் குனிந்துகொண்டேன். சதக் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு உம்மு ஹபீபாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். புது வளையல் ஒரு பொட்டலம் வாங்கி வந்திருந்தான். பிள்ளைத்தாய்ச்சி கை மூளியாக இருக்கக்கூடாதே. ஹபீபா கட்டிலோரம் உட்கார்ந்து, உமையாளின் கையைத் தன் மடியில் வைத்து, கீறல் படாமல் ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். சதக் தலைமாட்டில் நின்றான். நான் லைசென்ஸ் போன கதையைச் சொல்லவில்லை. எல்லோரும் நல்லபடியாக இருந்தோம்.

"எங்கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சோ என்னவோ" என்றாள் ஹபீபா வளையலை ஏற்றிக்கொண்டே. "அன்னைக்கு எறங்கும்போது அழுகையா வந்துச்சு. அந்த எடத்துல நானுல்ல உக்காந்திருந்தேன். காக்காதான், வண்டி இன்னைக்குச் சரியில்ல, பேசாம எறங்கி வீட்டுக்குப் போன்னு சொன்னாரு. கோவிச்சுக்கிட்டுச் சோறுகூடத் திங்கல. காக்கா சொன்னது சரியாப் போச்சு பாருங்க."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த வளையலை எடுத்தாள்.

நான் சதக்கைப் பார்த்தேன். அவன் சன்னலைப் பார்த்தான். உமையாள் மட்டும் தலையைத் திருப்பி, அண்ணாந்து அவனையே பார்த்தாள்.

"அண்ணே, ஹபீபா எறங்கினப்பறந்தான நான் வந்தேன். நீங்கதான எம் மூட்டைய வாங்கி உள்ள வச்சீக. நீங்கதான அந்த எடத்துல உக்காரச் சொன்னீக."

ஹபீபாவின் கை நின்றுவிட்டது. சதக் என்னிடம் திரும்பினான். உமையாளிடம் பேச அவனுக்கு முகம் இல்லை.

"எனக்கு இருக்கிறது ஒரே தங்கச்சி மாப்பிள" என்றான்.

மறந்துபோனேன் என்று சொன்னபோது எழுந்த கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையை ஓங்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ஒழிந்து போகட்டும், இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய் உள்ளதைச் சொல்லலாம் என்றால், காட்டுவதற்குக் கயிறு எங்கே இருக்கிறது? அதை மிதித்துப் புதைத்த சேறு இன்னும் என் கால் விரலிடுக்கில் காய்ந்து கிடந்தது.

உமையாள் அசையக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். படுத்தபடியே, ஏற்றிய வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஹபீபாவின் மடியில் வைத்தாள். பிறகு இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நீ போட்டுக்க தாயி" என்றாள். "ஓங்க அண்ணன் ஒனக்குத்தான் வாங்கியிருக்காக."