நீலச் சட்டை, 3.1 எம்.பி.

மரணம் மனிதனை மட்டும்தான் கொண்டுபோகும். அவன் படைப்பின் மேல் ஒரு நகக்கீறல் போடக்கூட அதற்கு அதிகாரம் கிடையாது. இந்த மாபெரும் உண்மையை அன்று காலை பத்தேகால் மணிக்கு, பந்தலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்று, தங்கப்பாண்டி, ஃப்ளெக்ஸ் கடை இஞ்ஞாசிக்குப் போனில் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தார்.

“வாசகம் ஜம்முனு இருக்கு அண்ணாச்சி. போட்டோ எங்க?” என்றான் இஞ்ஞாசி.

தங்கப்பாண்டி போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். “ஏளா சுடலை, அண்ணன் போட்டோ?”

சுடலைச்செல்வி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். விடியற்காலை நாலரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பா, இப்போது கூடத்தில் குளிர்பெட்டிக்குள் கிடந்தார். லீவுக்கு என்று முந்தின நாள் மாலைதான் அவள் வேலை பார்க்கும் சாகுபுரத்திலிருந்து வந்திருந்தாள். கொண்டுவந்த பையை இன்னும் பிரிக்கக்கூட இல்லை.

“அப்பா கம்ப்யூட்டர்ல இருக்கு சித்தப்பா. போன வருசம் திருச்செந்தூர் கடக்கரைல நான் எடுத்தது. நீலச் சட்டை.”

“அப்படிப் போடு. கணினி மேதை படம் கணினிலதானளா இருக்கும்!” தங்கப்பாண்டி போனிலிருந்து கையை எடுத்தார். “இஞ்ஞாசி, பேருக்கு மேல ‘கணினி மேதை’ன்னு போடு. சைஸ் பத்துக்கு எட்டு. போன மாசம் முக்குவீட்டுக்காரனுக்கு எட்டுக்கு ஆறு வச்சிருந்தாங்க, பாத்தேல்லா?”

உயிரோடு இருந்தவரை அண்ணனை அவர் ‘பொட்டி தட்டுதவன்’ என்றுதான் சொல்லிவந்தார். மேதைப் பட்டத்துக்கு ஆறு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த அண்ணன் செந்தூர்பாண்டி, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரித்தவர். கம்ப்யூட்டர் தானாகப் படித்தது. ஏழு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, கோப்புகளை வைத்துக்கொள்ளத் தனக்கென்று ஓர் ஏற்பாடு எழுதிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதாரண ஃபோல்டர். உள்ளே நடப்பதெல்லாம் அவர் எழுதினபடி.

“ஒரு ஃபைல்ட்ட நீ என்னல்லாம் கேப்பே?” என்று ஒருநாள் தோசைக்கு நடுவில் ஆரம்பித்தார். “இருக்கியாம்பே. எம்புட்டு பெருசும்பே. இத எழுதி வச்சுக்கோம்பே. பேர மாத்திக்கோம்பே. அழிஞ்சு போம்பே. தொறந்து காட்டும்பே. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கணும்லா? அவன நாமளே எழுதிரலாம். கம்ப்யூட்டரோட அடிவயித்துல கைவைக்க வேண்டாம். கப்பல்ல ஏறாம, ஏஜென்ட் ஆபீசுல உக்காந்தே சரக்கு எறக்குதாப்ல.”

“சட்னி வேணுமா?” என்று கேட்டாள் பேச்சித்தாய், அவர் மனைவி.

அன்றிலிருந்து குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, பட்டா, ஜாதகம் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் போனை அவரிடம் நீட்டுவார்கள். அவர் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிவிட்டு, போனைக் காலியாக்கித் திருப்பிக் கொடுப்பார். போன் வேகமாக ஓடுகிறது என்று சொல்லி எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்பு அதையே சுடலையின் மடிக்கணினியிலும் ஏற்றிக் கொடுத்தார். சாகுபுரத்தில் இருந்தபடியே வீட்டு ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். ஒரு வாரம் கழித்துப் போன் வந்தது.

“தொறந்து பாத்தியாம்மா?”

அவள் ஆய்வகத்தில் ஒரு கையில் குடுவையோடு நின்றுகொண்டிருந்தாள். மடிக்கணினி குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கடியில் கிடந்தது. “பாத்தேம்ப்பா. சூப்பரா இருக்கு.”

“போட்டோல்லாம் தெரியுதா?”

“பளிச்சுன்னு தெரியுதுப்பா.”

“பளிச்சுன்னா?”

“பளிச்சுன்னு.”

“சரிம்மா,” என்றார் அப்பா. அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

சின்ன அறையில் மாரிராஜ் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். தங்கப்பாண்டியின் மகன். சென்னையில் பெரிய கம்பெனி. கழுத்தில் கம்பெனி அட்டையைக் கழற்றாமலே துஷ்டி வீட்டுக்கு வந்திருந்தான்.

“பத்து நிமிசம்க்கா,” என்றான்.

ஃபோல்டர் திறந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் கோப்புகள், பேரும் தேதியும் அளவுமாக வரிசை கட்டி நின்றன. ‘அப்பா நீலச் சட்டை, 3.1 எம்.பி.’ மாரிராஜ் தட்டினான். கோப்பு காலியாக இருக்கிறது என்றது திரை.

“மூணு எம்.பி.ங்குது. காலிங்குது.”

அடுத்ததைத் தட்டினான். சுடலையின் பட்டமளிப்பு விழா. காலி. தங்கப்பாண்டி வீட்டுப் பால்காய்ப்பு. காலி. எல்லாம் அதனதன் எடையோடு இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

வாசலில் பேச்சித்தாய் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “என்னலே, கெடச்சுதா?”

“இருக்கு பெரியம்மா. ஆனா தெரியல.”

“அந்தப் பொட்டிக்குள்ள போனது திரும்பி வராதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். எவ கேட்டா?” என்றவள் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

பன்னிரண்டு மணிக்கு மாரிராஜ், பெரியப்பா எழுதி வைத்திருந்த நிரலையே திறந்தான். அவன் முகம் மெல்ல மாறியது. “அக்கா, நல்லாத்தான் எழுதிருக்காவ. ‘எழுது’ சரியா இருக்கு. எல்லாப் போட்டோவும் துண்டு துண்டா உள்ள பத்திரமா கெடக்கு. ‘அழி’யப் பாரேன், நூத்தியெழுவது வரி! அழின்னு சொன்னா அழிக்காது. ‘கோபம் தீந்த பிறகு’ன்னு உள்ள ஒரு எடம், அங்க கொண்டு வச்சிரும்.”

சுடலைக்குப் புரிந்தது. சீர்வரிசைச் சண்டையில் அத்தை வீட்டார் படங்களையெல்லாம் இந்த மாரிராஜின் அம்மாதான் அழிக்கச் சொன்னாள். அப்பா மறுபேச்சில்லாமல் எல்லார் முன்னாலும் அழித்துக் காட்டினார்.

“அப்போ ‘தொறந்து காட்டு’?”

மாரிராஜ் திரையைக் கீழே உருட்டி நிறுத்தினான். அந்த இடத்தில் வேலை செய்கிற வரி ஒன்றே ஒன்று. என்ன கேட்டாலும் பூஜ்யம் கொடு. அதற்கு மேலே அப்பா தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு இருந்தது. மாரிராஜ் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். பாதியில் நிறுத்தத் தெரியவில்லை.

“‘சுடலை திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று சொல்வாள். சொன்னதும் இதை எழுத வேண்டும்.’ அதுக்குக் கீழ தேதி போட்டு இன்னொண்ணு. ‘சுடலை பார்த்துவிட்டாளாம். பளிச்சென்று தெரிகிறதாம்.’”

பந்தலில் கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யாரோ தட்டிப் பார்க்கும் சத்தம்.

“அப்புறமும் ஏன்க்கா எழுதல? பத்து நிமிச வேலைதான.”

அவளுக்குத் தெரியவில்லை. கோபமா? கிண்டலா? என்றைக்காவது உண்மையைச் சொல்வாள் என்று காத்திருந்தாரா? இல்லை, மறந்தே போனாரா? ‘அழி’க்கு நூற்றெழுபது வரி எழுதியவர் எப்படி மறப்பார்? அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் போனை வாங்கி, ஒவ்வொரு படமாக அந்த இருட்டுக்குள் ஏற்றி, சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு என்று இப்போது தெரியவில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டு, பிள்ளைக்கு மனசு கலங்கிவிட்டது என்று பெண்கள் சோடா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“நான் எழுதிருதேன்க்கா. பத்து நிமிசம்.” துண்டுகளை அப்பா எந்த வரிசையில் அடுக்கினார் என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு இரண்டு மணி நேரம் போயிற்று. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பிவிட்டார்கள். அவன் திரையில் பாதிச் சட்டையும் மீதி சாம்பலுமாக ஏதோ தெரிந்து மறைந்தது.

“இஞ்ஞாசி கத்துதான். ரெண்டரைக்குள்ள படம் வேணுமாம்!” என்று தங்கப்பாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசியில் அப்பாவோடு வேலை பார்த்த நயினார்தான் தன் போனில் தேடி, துறைமுக நுழைவுச் சீட்டுக்கு எடுத்த பழைய படம் ஒன்றைக் கண்டுபிடித்தார். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதை அனுப்பிவிட்டு, அவர் சுடலையிடம் திரும்பினார்.

“ஆபீசுல எங்களுக்கெல்லாம் சொல்லிட்டே இருப்பாரும்மா. ‘எம்மவதான் மொதல்ல தொறந்து பாத்தா’ம்பாரு. அந்த சாஃப்ட்வேர் எப்படி இருக்கும்?”

மாரிராஜ் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டான்.

“சூப்பரா இருக்கும் மாமா,” என்றாள் சுடலை.

நாலு மணிக்குத் தெருமுக்கில் பத்துக்கு எட்டு ஃப்ளெக்ஸ் ஏறியது. கணினி மேதை செந்தூர்பாண்டி, ஹெல்மெட் நிழல் மூக்குவரை விழ, மரணத்துக்கு அதிகாரம் இல்லாத வாசகத்தின் அடியில் நின்றார். அவருக்குக் கீழே பாடைத் தேர் நகர்ந்தது. பெண்கள் தெருமுக்கோடு நின்றார்கள். கொட்டுச் சத்தம் உப்பளத்துப் பக்கமாகத் திரும்பித் தேய்ந்தது.

வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்திருந்தார்கள். சின்ன அறைக்குள் தண்ணீர் வராமல் இருக்கச் சுடலை வாசலில் சாக்கைப் போட்டாள். மாரிராஜும் சுடுகாட்டுக்குப் போயிருந்தான். அவன் வேலை பாதியில் நின்றது. அப்பாவிடமே கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்த தன் மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். கடவுச்சொல் கேட்டது. அவளுக்கு நினைவில்லை. திருப்பிப் பார்த்தாள், அடியில் அப்பா ஒட்டிய சீட்டில் இருந்தது.

ஃபோல்டரைத் திறந்தாள். நீலச் சட்டையைத் தட்டினாள். காலியாக இருக்கிறது என்றது. இன்னொரு முறை தட்டவில்லை.

பக்கத்தில் அப்பாவின் கம்ப்யூட்டரில், யார் எப்போது திறந்தார்கள் என்று அவர் எழுதிவைத்த கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘வீடு’ என்ற பெயருக்கு எதிரே மாரிராஜ் அன்று தட்டினதெல்லாம் இருந்தன. அதற்குக் கீழே ‘சுடலை’ என்று ஒரு வரி. நாலு வருஷமாக அதற்கு எதிரே பூஜ்யம் இருந்தது. இப்போது ஒன்று.