தட்டை மானிட்டரில் ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மலிவான மானிட்டர். இதைவிட உயர்ந்த காரணம் ஏதாவது சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன், எதுவும் அமையவில்லை.

2007-ல் என் பழைய குண்டு மானிட்டர் புகைவிட்டுச் செத்தது. கடைக்காரர் இருப்பதிலேயே விலை குறைந்த தட்டை மானிட்டரை எடுத்து வைத்தார். யாரும் கேள்விப்படாத கம்பெனி. "அன்னாடம் பொழங்கறதுக்கு இது போதுமுங்க" என்றார். போதும்தான். பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில் எனக்கு லேபிள் டிசைன் செய்யும் சின்னக் கடை. பனியனின் உள்பக்கம், இடுப்போரத்தில், எப்படித் துவைக்க வேண்டும் என்று ஒரு துண்டு நாடா இருக்குமே, அது என் படைப்பு. என் கதைகளைப் படித்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஆனால் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரியும் வெள்ளைக்காரர்கள் பல லட்சம்.

மானிட்டரில் ஒரே ஒரு கோளாறு. நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்த்தால் நிறமெல்லாம் சரியாக இருக்கும். எழுந்து நின்றால் எல்லாம் வெளுத்துவிடும். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கருத்துவிடும். குறைந்த விலைக்கு ஒரே படத்தை மூன்று விதமாகக் காட்டுகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

2

கதையை எப்படி ஆரம்பிப்பது?

மண்ணரையில் அன்று காலை மழை பெய்து— (பெய்யவில்லை. மழை பெய்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.)

தமிழ்மதியின் மனதில் அன்று— (வேண்டாம். அவள் மனதுக்குள் போனால் எல்லா ரகசியமும் முதல் வரியிலேயே உடைந்துவிடும்.)

மாரப்பனுக்கு எதையும் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நம்பிக்கை.

இது நிற்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

மாரப்பன் என் பக்கத்து வீட்டுக்காரர். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் கலர் பாஸ் பண்ணுகிறவர். சாயம் போட்ட துணியில் ஒரு துண்டு கிழித்து, வாசலுக்குக் கொண்டுவந்து, வடக்கே பார்த்து நின்று, துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பிய மாதிரித் துண்டோடு சேர்த்துப் பிடித்து, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து எதற்கும் தலையாட்ட மாட்டார். சேலைக் கடையிலும் சேலையை எடுத்துக்கொண்டு நேராகத் தெருவுக்கு வந்துவிடுவார், கடைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார்.*

* இது நிஜமாக நடந்தது என்று சொல்ல வாய் வருகிறது. கதைக்குள் நின்றுகொண்டு அப்படிச் சொல்கிறவனை நம்பாதீர்கள்.

3

இனி உடைக்க வேண்டிய ரகசியம். மாரப்பனின் மகள் தமிழ்மதி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அதே கம்பெனியில் இருந்த பிரதீப், இப்போது டாக்காவில், பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இருவருக்கும் பிடித்துப்போய் வருஷமாகிறது. அவன் மெயில்கள் என் கடைக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும், அதனால் எனக்குத் தெரியும். பிரதீப்புக்குச் சொந்த ஊர் தாராபுரம். இருவருமாகத் திட்டமிட்டு, அங்கிருந்து ஒரு தரகர் மூலமாக, யாரோ எவரோ போல அவன் ஜாதகத்தை மாரப்பன் வீட்டுக்கு வரவழைத்தார்கள். ஜாதகமும் பொருந்திவிட்டது. பாக்கி, அப்பா தலையாட்ட வேண்டும்.

காதல் என்று தெரிந்தால் ஆட்ட மாட்டார். அவருடைய தம்பி மகள் விரும்பியவனைக் கட்டிக்கொண்டதற்காக, தம்பியோடு இன்றுவரை பேச்சு இல்லை. எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். தமிழ்மதிக்கு அதுதான் பயம். பிரதீப்பும் வேண்டும், அப்பாவும் வேண்டும் அவளுக்கு. இது பேராசையா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

4

ஞாயிறு காலை, மாப்பிள்ளை போட்டோ மெயிலில் வந்திருந்தது. மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். மவுஸ் பிடிக்கத் தெரிந்தவள் என்று தமிழ்மதி நாற்காலியில் உட்கார்ந்தாள். மாரப்பன் பின்னால் நின்றார். அவர் மனைவி சென்னம்மாள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

போட்டோ திறந்தது.

"என்னுங்க தம்பி, மாவாட்ட வெளுத்துக் கெடக்கறான்? ரத்தமே இல்லீங்களே. சோகை கீது இருக்குமோ?" என்றார் மாரப்பன்.

"வெளுப்பா? உங்க கண்ணுல கொள்ளி வெக்க. கரிச்சட்டியாட்ட இருக்கறானுங்க! எம்புள்ள பக்கத்துல நிக்க முடியுமா?" என்றார் சென்னம்மாள்.

(இங்கே எனக்குக் கோபம் வருகிறது. மாரப்பனே நல்ல கருப்பு. அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் சந்தோஷமாக இருக்கும் அம்மாளுக்கு மாப்பிள்ளை கருப்பாக இருக்கக் கூடாது. இந்தப் பாத்திரத்தைத் திருத்திவிடலாமா என்று பார்த்தேன். திருந்துகிற மாதிரி இல்லை.)

"அண்ணா, இது மானிட்டரோட கோளாறுங்க. நேரா உக்காந்து பாத்தா சரியா இருக்கும்" என்றேன்.

"அதெப்படீங்க தம்பி? ஒரே துணி, நின்னா ஒரு கலரு, உக்காந்தா ஒரு கலரா? அப்பிடி வந்தா நாங்க துணி லாட்டையே திருப்பியனுப்பிருவோம்." குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். "ஷேடு வேரியேசன் பலமா இருக்குது" என்று முடிவு சொன்னார். பிறகு மானிட்டரைத் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லை. "எடுங்க வெளிய. வாசல்ல வெச்சுப் பாத்தர்லாம்."

வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பழைய குண்டு மானிட்டராக இருந்திருந்தால் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது. தட்டையாக, லேசாகச் செய்தவனை நொந்துகொண்டே, எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுவந்தேன். வயர் எட்டாததால் சிபியூவும் ஸ்டூலில் ஏறி வாசலுக்கு வந்தது. தமிழ்மதி கீபோர்டைத் தூக்கிக்கொண்டாள். மாரப்பன் மானிட்டரை மார்போடு பிடித்து, வடக்கே திரும்பி நின்று, இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

வெயிலில் மாப்பிள்ளை மறைந்தே போனார். திரை துவைத்த வேட்டி மாதிரி இருந்தது. டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். "என்னுங்கண்ணா, டிவி ரிப்பேருங்களா?" என்றார் ஒருவர்.

5

இனிமேல் எழுதுவது கஷ்டம். இதுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

மாரப்பனுக்கு வேர்த்துவிட்டது. பகல் வெளிச்சம் அவரைக் கைவிட்டது இதுவே முதல் தடவை. மானிட்டரைப் பிடித்தபடியே மகளிடம் திரும்பினார். "போச்சாது, உடு. நீயுந்தான் தெனமும் துணி பாக்கறவ. நீ சொல்லு கண்ணு. பையன் என்ன கலரு?"

அப்பா அவளை இப்படி எதையும் கேட்டதில்லை. அந்த மகிழ்ச்சியில் பெண் வாயைத் திறந்தாள்.

"மாநெறந்தானுங்கப்பா. வெயில்ல நின்னா கொஞ்சம் செவந்துரும். எடது காதுக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு, அது மட்டும் வெளுப்பா…"

நின்றுவிட்டாள்.

போட்டோவில் பிரதீப் ஒருபக்கமாகத் திரும்பி நிற்கிறான். வலது காதுதான் தெரியும். இடது காதே கிடையாது.

சென்னம்மாள் இதைக் கவனிக்கவில்லை. "தழும்பு வேறயா!" என்று வேறு பக்கம் கவலைப்பட ஆரம்பித்தார். மாரப்பன் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சிபியூவோடு நானும் பின்னாலேயே ஓடினேன். மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்து, முதல்முறையாக அவரே உட்கார்ந்து நேராகப் பார்த்தார். துணி பார்க்கிற அதே பார்வை. மூலைக்கு மூலை பார்த்தார்.

6

முடிவுகள்:

(அ) மாரப்பன் சிரித்துவிடுகிறார். "கள்ளி" என்கிறார். கல்யாணம். (எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. தம்பியிடம் இத்தனை வருஷம் பேசாதவர் ஒரு காதுக்காகவா சிரிப்பார்?)

(ஆ) எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடு— (முடியவில்லை. கை வரவில்லை. அந்தப் பெண் எனக்கு மகள் மாதிரி.)

(இ) எல்லாம் புரிந்துகொண்டு, புரியாத மாதிரி, "கலர் பாஸுங்க" என்கிறார். (உங்களுக்கு இதுதான் பிடிக்கும், தெரியும். எனக்கும் பிடிக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

நான் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு திணறும்போது, மாரப்பன் எனக்காகக் காத்திருக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டார்:

"ஏனுங்க தம்பி, இந்தப் படத்துல எடது காது எங்கீங்க?"

முப்பது டிகிரித் தண்ணீரில் துவைக்கவும், வெயிலில் உலர்த்தாதீர் என்பது தவிர இப்போது எனக்கு ஒரு வாக்கியமும் தெரியாது. நீங்கள் இவ்வளவு நேரம் கூடவே நின்று பார்த்தவர்கள். அந்த மனிதர் யார் என்றும், இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றும் உங்களுக்குத் தெரியும். தமிழ்மதி கீபோர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். அவர் திரும்பப் போகிறார்.